விருந்தாளிக்காகத் திறந்த ஹீற்றர்

எனக்கு எழுபத்தி மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் இந்த நாட்டில் வேலை செய்து வரி கட்டுகிற பிள்ளைகள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எழுத்து எனக்குப் பெரிதாக வராது. பள்ளிக்கூடம் என்னை விட்டதோ நான் அதை விட்டேனோ, மூன்றாம் வகுப்போடு சரி. இந்த நாட்டு டெனிஷ் பாஷை படித்தது வயோதிபர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில். காதாலும் வாயாலும் படித்தது, கையால் இல்லை. ஆனபடியால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆறுதலாகத்தான் சொல்லுவேன். அவசரக்காரர் இப்போதே எழும்பிப் போகலாம்.

இது உங்களுக்கு. எங்கள் நகரசபையான கொம்யூனவின் வீட்டுச் சூட்டுத் திட்டத்துக்காக வீடு வீடாகப் போகிற வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு. பென்சனுக்கு முந்தி நான் கடைசியாகச் செய்த வேலை அதுதான். தமிழ் வீட்டுக் கதவுகள் கொம்யூனக்காரருக்குத் திறக்கவில்லை, எனக்குத் திறந்தன. அதனால் கூப்பிட்டார்கள். என்ன கேட்பது, எதை எப்படி அளப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். வகுப்பில் சொல்லாததைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தலைவி ஒரு டெனிஷ்காரி, நெடுத்த மனுசி. பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நான் சேர்ந்த புதிதில் என்னோடு ஒரு பொஸ்னியாக்காரப் பிள்ளையும் வேலைக்கு வந்தது. நல்ல துடியாட்டம். ஒரு டெனிஷ்க் கிழவரின் வாசலில் நின்று, வணக்கம் சொன்ன கையோடு, "வீட்டுக்குள்ளே உங்களுக்குக் குளிருகிறதா?" என்று கேட்டது. கிழவர் கதவைச் சாத்தினார். அந்தப் பிள்ளை அழுவாரைப் போல நின்றது. தலைவி காருக்குள் ஏறிய பிறகுதான் சொன்னார்: "வாசலில் வைத்து ஒருவரிடம் குளிருகிறதா என்று கேட்டால், பிச்சை வேண்டுமா என்று கேட்டது போலத்தான் அவருக்குக் கேட்கும். உள்ளே போ. கோப்பி தந்தால் குடி. அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார். ஹீற்றரைப் பார்க்காதே, கதிரையைப் பார்." அது எவ்வளவு பெரிய சொல் என்று எனக்கு விளங்கியது மேட்டுத் தெருவில்.

அதற்கு முந்தி இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு சொல். ஊருக்கு வெளியே பெரிய கொதிகலன் நிலையம் இருக்கிறது. அங்கே காய்ச்சின தண்ணீரை நிலத்துக்குக் கீழே குழாயில் விட்டு வீடுகளைச் சூடாக்குவது. ஃபியர்ன்வாமே என்று டெனிஷில் சொல்வார்கள், நாங்கள் குழாய்ச் சூடு என்போம். காஸை விட்டுவிட்டு எல்லாரும் இதற்கு வர வேண்டும் என்பது கொம்யூனவின் எண்ணம். ஆனால் எல்லாத் தெருவுக்கும் நிலத்தை வெட்டிக் குழாய் போடக் கட்டுபடியாகாது. எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருக்காரர் தாங்களே கறண்டில் ஓடுகிற ஹீட்பம்ப் வாங்கிப் பூட்டட்டும் என்று பார்க்கத்தான் மாடல் என்று கொம்பியூட்டரில் ஒரு கணக்குப் போட்டார்கள்.

மாடல் செய்தவர் ஒரு கோயம்புத்தூர்த் தம்பி. வைலேயில் இருந்து ரயிலில் வருவார். ஒரு நாள் எனக்குக் கொம்பியூட்டரில் காட்டினார். எங்கள் ஊர் முழுக்க அதற்குள்ளே இருந்தது. ஒவ்வொரு வீடும் ஒரு சின்னப் பெட்டி. எப்போது கட்டியது, சுவர் என்ன, கூரை என்ன, வருசத்துக்கு எவ்வளவு காஸ் குடிக்கிறது, எல்லாம் இருந்தது. நிறையக் குடிக்கிற வீடுகள் கிட்டக் கிட்ட இருந்தால் அந்தத் தெருவுக்குக் குழாய் கட்டுபடியாகும். மேட்டுத் தெருவைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "இங்க பாருங்கம்மா, இந்தத் தெரு மட்டும் ஒட்டகம் மாதிரி இருக்கு. பழைய வீடு, குளிர் வராம சுவர்ல ஒண்ணும் அடைக்கல, ஆனா காஸே குடிக்க மாட்டேங்குது. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. நேர்ல பாக்கணும்."

காஸ் விலை ஏறின குளிர்காலம் அது. மேட்டுத் தெரு, பியோர்ட் என்கிற கடலிடுக்கைப் பார்த்த சரிவு. காற்று நேரே வந்து வீட்டில் மோதும். சிவப்புக் கல் வீடுகள். மேல் பாதியில் எங்கள் ஆட்கள், கீழ்ப் பாதியில் டெனிஷ்ப் பென்சன்காரர். நடுவில் பவளம் அக்கா வீடு. அவருடைய மனுசன் சிவம் அண்ணை, இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறையில் வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். இருமத் தொடங்கினால் தெருவில் போகிற ஆள் திரும்பிப் பார்க்கும்.

தலைவி, தம்பி, நான், மூன்று பேரும் போனோம். முந்தின நாளே நான் போனில் சொல்லி வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் வெக்கை முகத்தில் அடிக்கிறது. வீட்டில் உள்ள ஹீற்றர் எல்லாம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. மேசையில் உளுந்து வடை, கேசரி, பால் தேத்தண்ணி. சிவம் அண்ணை கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு இருக்கிறார். கொம்யூனவில் இருந்து ஆள் வந்தால் எங்கள் ஆட்களுக்கு அது விருந்து, பாருங்கோ. வந்த ஆளைக் குளிர விடலாமோ?

தலைவி கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: "எந்தெந்த அறையைச் சூடாக்குறனீங்கள்?"

"எல்லா அறையும்தான்," என்றார் பவளம் அக்கா. "எங்களுக்கு என்ன குறை? வடையைச் சாப்பிடச் சொல்லு அவவை."

சொன்னதைச் சொன்னபடி டெனிஷில் சொன்னேன். வடையையும் சேர்த்து. தம்பி திரைச்சீலைக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காற்றுச் சூடு, சுவர் ஈரம். நான் தலைவி சொன்ன மாதிரிக் கதிரையைப் பார்த்தேன். சோபாவுக்குப் பின்னால் சுருட்டின மெத்தை. மூலையில் தலையணை, மருந்துப் போத்தில், உடுப்புக் காயப் போடுகிற தட்டி, சோறு வைக்கிற குக்கர். ஒரு குடும்பத்தின் சீவியம் முழுக்க அந்த ஒரு அறைக்குள்ளே அடங்கியிருந்தது.

தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு பவளம் அக்காவுக்குப் பின்னாலே குசினிக்குள்ளே போனேன்.

"அக்கா, மேல் அறைக்கு ஏறி எவ்வளவு காலம்?"

"நீ கொம்யூனவுக்கு வேலை செய்யிறியோ, பொலிசுக்கு வேலை செய்யிறியோ?"

"குழாய் வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும். ஏன் வேண்டாம்? அந்த மனுசன் விடியவிடிய இருமுறதைக் கேக்கிற காது என்ரைதானே. ஆனா என்ர வாயாலை குளிருது எண்டு வராது." குரலைக் குறைத்தார். "சின்ன மகன் தான் இருக்கிற ஊர் இஷொயிலை இருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறான். 'வீட்டை வித்துப்போட்டு இஞ்சை பிளாட்டுக்கு வாங்கோ' எண்டு. குளிருது எண்டு ஒரு சொல் அவன்ர காதிலை விழுந்தாக் காணும், அடுத்த கிழமை வீடு விக்கிறவன் வாசல்லை நிப்பான். அவர் அந்தக் குளிர் அறைக்குள்ளை கிடந்து வாங்கின வீடடி இது. என்னை இஞ்சை இருந்துதான் தூக்க வேணும்."

இதைத்தான் பிள்ளைகள் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அது ஒரு விடை. அந்த மனுசிக்கு அது வீடு. சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் குழாய் வராது, மனுசன்ர நெஞ்சு போகும்.

காருக்குள் தலைவி கேட்டார்: "வேறு ஏதும் இருக்கா?" நான் யோசித்தேன். குசினிக்குள் சொன்ன கதை குசினிக்குள்ளேதான். ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்ததைச் சொல்லலாம். "ஹீற்றர் இன்றைக்கு எங்களுக்காகத் திறந்தது. மிச்சத்தை அவர்கள்தான் சொல்ல வேணும்," என்றேன். தலைவி தலையாட்டினார். மேலே தோண்டவில்லை. நல்ல தலைவி.

தம்பி ஒரு வழி சொன்னார். அறைக்கு ஒன்றாக வெள்ளைப் பெட்டி, உள்ளங்கை அளவு. வீட்டுக்குள்ளே என்ன சூடு என்று அது தானே பார்த்துத் தம்பியின் கொம்பியூட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமைக்கு என்று நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பவளம் அக்கா சந்தோசமாக வாங்கி, ஒன்றைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கொஞ்ச நாளில் தம்பி போன் எடுத்தார்.

"ஏம்மா, அந்த வீட்ல ஏதாவது விசேஷமா? கல்யாணம், காதுகுத்துன்னு?"

"ஏன் தம்பி?"

"எல்லா ரூம்லயும் இருபத்திரண்டு டிகிரி. சாமான் அறை வரைக்கும். காஸ் மீட்டர் பம்பரமா சுத்துது!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெட்டி கொம்யூனவின் பெட்டி. வீட்டுக்கு வந்த பெட்டி. அதைக் குளிர விடலாமோ? பெட்டி இருக்கும் வரைக்கும் அந்த மனுசி வீடு முழுக்க ஹீற்றரைத் திறந்து வைத்திருந்திருக்கிறார். ஒரு மாதம் ஓடுகிற காஸை அந்தப் பெட்டிக்கு விருந்து வைத்திருக்கிறார்.

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா பாருங்கம்மா, அந்த வீட்டுக்கு நிஜமா எவ்வளவு சூடு தேவைன்னு இப்பத்தான் தெரியுது. நான் சந்தேகப்பட்டது சரிதான், ஒட்டகம் இல்ல, பட்டினி. ஆனா ஒரு வீட்டை வச்சு தெருவை மாத்த முடியாது. மத்தவங்களும் சொல்லணும். அவங்க வாயால சொல்லணும்."

அடுத்த முறை தம்பியும் நானும் மட்டும் போனோம். பவளம் அக்கா கோல்டிங்கில் மரக்கறிக் கடைக்குப் போயிருந்தார். சிவம் அண்ணை தனியே, கோட்டும் கம்பளித் தொப்பியுமாகக் கதவைத் திறந்தார். வெளியே இருந்த குளிர்தான் வீட்டுக்குள்ளேயும். நான் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியும் கேட்கவில்லை. அண்ணை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"பெட்டி சொல்லிப்போட்டுதோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"அவ பெட்டிக்குச் சூடு போட்டா. எனக்கும் அந்தக் கிழமை நல்லா இருந்தது." சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறி, மேல் அறைகளைத் திறந்து காட்டினார். மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். "தம்பி, எழுதும். ஒரு அறைதான் சூடு. மூண்டு வருசமா. நான்தான் சொல்லுறன், அவ இல்லை. சொன்னாக் குழாய் வருமோ?"

தம்பி கண்ணைத் தாழ்த்தவில்லை. "வரும்னு சொல்ல முடியாதுங்க ஐயா. ஒரு வீடு மட்டும் சொன்னா பத்தாது, தெருவே சொன்னா சரியான கணக்கு உள்ள போகும். அவ்வளவுதான் என் கையில."

"அது காணும்," என்றார் அண்ணை.

நாங்கள் கேட்கவில்லை. அவராகவே பொல்லை ஊன்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். பக்கத்து வீட்டு யோகன் வீட்டுக்குள்ளே தொப்பி போட்டுக்கொண்டு நின்றான்.

"உதென்னடா வீட்டுக்கை தொப்பி?"

"இது ஸ்டைல் அண்ணை."

"உன்ர ஸ்டைல் எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் போட்டிருக்கிறன். எங்கட வீட்டிலை ஒரு அறைதான் சூடு. உங்கட வீட்டிலை எத்தினை? இந்தத் தம்பிக்குச் சொல்லு."

யோகன் நிலத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான். அவன் சொன்ன பிறகு அடுத்த வீடு சொன்னது. கோயிலில் முன்வரிசையில் நிற்கிற ஆட்கள், கலியாண வீட்டில் கழுத்து நிறையப் போடுகிற ஆட்கள், ஒவ்வொருவராக ஒரு அறை, ஒன்றரை அறை என்று சொன்னார்கள். சிலர் சொல்லும்போது சிரித்தார்கள். ஒருவர் தன் மனுசியை வெளியே போகச் சொல்லிவிட்டுச் சொன்னார். தம்பி தலையை நிமிர்த்தாமல் எழுதினார்.

மாடலில் மேட்டுத் தெருவின் நிறம் மாறியது. கொம்யூனவின் திட்டத்தில் அந்தத் தெருவுக்குக் குழாய் என்று வந்தது. நான்தான் போய்ச் சொன்னேன். "அண்ணை, இது திட்டம்தான். வெட்டுற நாள் இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை," என்று இரண்டு தரம் சொன்னேன். அண்ணை ஓம் ஓம் என்றார். அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனால் மேல் அறைச் சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்துக்கொண்டு நிற்கிறார். குழாய் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் குளிருகிற ஆளுக்குக் காது வேறு மாதிரி, பிள்ளைகள். நீங்கள் "வரலாம்" என்று சொன்னால் அங்கே "வரும்" என்றுதான் போய்ச் சேரும்.

பவளம் அக்கா என்னோடு கதைக்கவில்லை. தெரு சொன்ன கதை இஷொய்க்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மகன் கத்தியிருக்கிறான். "குழாய் வருகுதாம், பொறு," என்று அண்ணை அவனைப் பிடித்து வைத்திருந்தார். அந்த வீடு அப்போது அந்த ஒரு சொல்லில்தான் தொங்கிக்கொண்டு நின்றது.

அடுத்த குளிர்காலத்துக்கு முந்தி அது அறுந்தது. குழாய் விலை ஏறியது. வெட்டுகிற கூலி ஏறியது. கீழ்ப் பாதி டெனிஷ் வீடுகளில் பாதிப் பேர் காத்திருந்து அலுத்துப் போய்த் தாங்களே ஹீட்பம்ப் பூட்டிவிட்டார்கள். அவர்களில் பிழை இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் மேட்டுக்குக் குழாய் ஏற்றக் கட்டாது என்று சூடு விற்கிற கொம்பனி சொல்லிவிட்டது. தம்பி மாடலை எத்தனையோ விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அந்தத் தெருவுக்கு எவ்வளவு குளிர் என்று அதற்கு இப்போது சரியாகத் தெரியும். விலை எவ்வளவு என்றும் சரியாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து தந்த விடை இல்லை என்பதுதான்.

குழாய் இல்லை என்கிற கடிதம் அடுத்த கிழமை அந்த வீடுகளுக்குப் போகும் என்றார்கள். தலைவி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கடிதத்துக்கு முன்னால் நாங்கள் போக வேண்டும். கேட்கப் போன கால்தான் இதையும் சொல்லப் போக வேண்டும்." தம்பி, "நான் என்ன முகத்தோட போறது?" என்றார். "இதே முகத்தோடு," என்றார் தலைவி.

அந்த முறை வடை இல்லை. ஹீற்றர் திறக்கவில்லை. நாங்கள் கோட்டைக் கழற்றாமலே இருந்தோம். தலைவி டெனிஷில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. குழாய் வராது. வேணுமென்றால் ஹீட்பம்ப் பூட்டலாம். அவர்களின் வயதுக்கு அதற்குக் கடன் கொடுக்க பாங்க் இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

சிவம் அண்ணை தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "நீர் ஏன் தலையைக் குனியிறீர்? வரும் எண்டு நீர் சொல்லேல்லைத்தானே."

பவளம் அக்கா எழும்பினார். தலைவியைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கேட்டியள், அவர் சொன்னார். பொல்லும் ஊண்டிக்கொண்டு வீடு வீடாப் போய்ச் சொன்னார். இப்ப குளிரும் எங்களிட்டை, கதையும் ஊரிட்டை. நான் பொய் சொன்ன நாளிலை என்ர வீடு என்னட்டை இருந்தது."

"என்ன சொல்கிறார்?" என்று தலைவி கேட்டார். நான் அப்படியே சொன்னேன்.

வீட்டைப் பனி கரைந்த கையோடு விற்றார்கள். குழாய் இல்லாத தெருவில் என்ன விலைக்குப் போகுமோ அந்த விலைக்குப் போனது. அண்ணை வெள்ளை அடித்த அறைகளுக்கு வாங்கினவர் வேறு நிறம் அடித்துவிட்டார் என்று யோகன் சொன்னான்.

அப்ப கேட்கிறதை விட்டுவிட வேண்டுமோ என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டாம். கேளுங்கோ. கேட்காவிட்டால் ஒட்டகம் ஒட்டகமாகவே கொம்பியூட்டருக்குள் நிற்கும், ஒரு தெருவுக்கும் ஒன்றும் வராது. வேறு ஒரு தெருவில் இதே மாதிரிக் கேட்டுக் குழாய் வந்திருக்கிறது. அதையும் நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஒரு ஆளின் குளிரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறபோது, அந்த ஆளிடம் இருந்து என்ன எடுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கோ. வாசலுக்கு வெளியே வந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லை. எனக்கு இதற்கு மேல் புத்தி சொல்லத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் அதுதான் பொய்.

இப்போது அவர்கள் மகன் இருக்கிற இஷொயில். நான் சில நேரம் அங்கே போன் எடுப்பேன். பவளம் அக்கா எடுப்பார்.

"அங்கை சூடோ அக்கா?"

"சூடு," என்பார்.

"அண்ணை எப்பிடி?"

"இருக்கிறார்."

அவ்வளவுதான். மனுசியின் கதிரையைப் பார்க்காமல், போனில், அந்தச் சொல்லை வைத்து நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?

பிள்ளை, எழுதினது காணும். இனி வாசிச்சுக் காட்டு, முதல்லை இருந்து வேண்டாம். பவளம் அக்கா எழும்பி நிண்டு சொன்ன இடத்தை வாசி. நீ நல்ல பிள்ளை, பெரியாக்கள் பொய் சொன்னவை எண்டு எழுத உனக்குக் கை வந்திராது, மாத்திப் போட்டிருப்பாய். அவ சொன்னபடியே இருக்கோ எண்டு நான் கேக்க வேணும். வாசி.